கண்ணைக் கட்டினால் பார்வையின்மை புரியாது

டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாள் நெருங்கினால் போதும், பள்ளி, கல்லூரி, வங்கி, மருத்துவமனை என்று எங்கிருந்து அழைத்தாலும் ஒரே கோரிக்கைதான். "எங்கள் ஊழியர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி நடத்த வேண்டும். கண்ணைக் கட்டி நடக்க வைப்பீர்களே, அது கட்டாயம் இருக்கட்டும்." கறுப்புத் துணியால் பத்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் தடுமாறினால் பார்வையற்றோரின் வாழ்க்கை விளங்கிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பார்வையற்றோருக்கு நடமாட்டப் பயிற்சி தருவது என் தொழில். அந்த உரிமையில் சொல்கிறேன்: விளங்காது. தப்பாகத்தான் விளங்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கட்டியவுடன் பயம். சுவரைத் தடவுகிறார்கள், பக்கத்தில் வருபவரின் சட்டையைப் பிடிக்கிறார்கள், நாற்காலியில் முட்டிக்கொள்கிறார்கள். கட்டை அவிழ்த்ததும் சிலருக்குக் கண் கலங்குகிறது. மைக்கை வாங்கி, "எனக்குப் பார்வை கொடுத்த கடவுளுக்கு நன்றி" என்கிறார்கள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அதே கூட்டத்தில் பார்வையற்ற ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று ஒருவரும் நினைப்பதில்லை.

நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளி, ஒரு நிமிடத்தில் மேலே தூக்கி, "நீச்சல்காரரின் அனுபவம் எப்படி?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? மூச்சுத்திணறலைத்தான் சொல்வார். கண் கட்டியவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது பார்வை போன முதல் நிமிடத்தின் அதிர்ச்சி. பார்வையற்றவர் அந்த நிமிடத்திலேயே வாழ்நாள் முழுக்க நிற்பதில்லை.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஏரியல் சில்வர்மன் பார்வையற்றவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள், பார்வையற்றோரால் வேலை செய்யவும் தனித்து வாழவும் முடியும் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். பக்கத்தில் நின்று சும்மா வேடிக்கை பார்த்தவர்களின் மதிப்பீடுகூட இவ்வளவு கீழே போகவில்லை. 2017இல் மிஷல் நாரியோ-ரெட்மண்ட் குழுவினரின் ஆய்வு வந்தது. இப்படி 'நடித்துப் பார்க்கும்' பயிற்சிகளால் இரக்கம் கூடுகிறது, ஆனால் மாற்றுத்திறனாளிகளோடு பழகும் மனப்பான்மை மேம்படவில்லை என்றது அது. பயிற்சி நடத்துகிற எத்தனை பேர் இவற்றைப் படித்திருக்கிறார்கள்?

"உங்கள் துறையிலும் கண்ணைக் கட்டுகிறீர்களே" என்று சிலர் மடக்குவார்கள். ஆமாம், கட்டுகிறோம். நடமாட்டப் பயிற்றுநராகப் படிப்பவர் கையில் வெள்ளைக் கோலோடு, ஆசிரியரின் மேற்பார்வையில், வாரக்கணக்கில் பழக வேண்டும். கோலை இடமும் வலமும் மாற்றி மாற்றித் தட்டி நடக்கும் முறை, இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த படைவீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் வகுத்தது. வலக்கால் முன்னே போகும்போது கோல்முனை இடப்பக்கம் தொட வேண்டும்; அடுத்த கால் விழப்போகும் இடத்தைக் கோல் முதலில் பார்த்துவிடும். வாகனச் சத்தத்தின் திசையை வைத்துத் தெருவைக் கணிப்பது, கால் உணரும் தரை மாற்றத்தை வைத்துக் கடையைக் கண்டுபிடிப்பது எல்லாம் அதன்பின் வரும். திறமை வந்த பிறகு பயம் எங்கே போனது என்று பயில்பவருக்கே தெரியாது. உங்கள் பத்து நிமிடத்தில் இதில் எது இருக்கிறது?

இன்னொன்று. பார்வையின்மை என்றால் முழு இருட்டு என்று எண்ணித்தான் கறுப்புத் துணியைத் தேடுகிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி, கண்ணாடி போட்ட பிறகும் ஒருவருக்கு இரு கண்களில் மேலான கண்ணில் பார்வை 3/60க்குக் கீழ் இருந்தாலோ, பார்வைப் புலம் 10 டிகிரிக்குக் குறைந்திருந்தாலோ அவர் பார்வையற்றவர். வெளிச்சம் தெரிபவர், நிழல் தெரிபவர், நடுவில் மட்டும் தெரிபவர் எல்லோரும் இதில் அடக்கம். இவர்கள் கோலைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியை முகத்தருகே வைத்துப் பார்த்தால், கண் கட்டிப் 'பயிற்சி' பெற்றவர்தான் முதலில் "நடிக்கிறான்" என்பார்.

கேடு அதோடு நிற்பதில்லை. பயிற்சிக்குப் போய்வந்த தலைமையாசிரியர் ஒருவர், பல ஆண்டுகளாக மாடிப்படி ஏறி இறங்கிய பார்வையற்ற ஆசிரியரை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கீழ்த்தள வகுப்புக்கு மாற்றினார். கருணையாம்! வங்கியிலும் இதே கதைதான். பார்வையற்றோருக்குக் காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, லாக்கர் எதையும் மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008இலேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. "பாவம், எப்படிச் சமாளிப்பார்" என்று நினைக்கும் ஊழியருக்கு அந்த உத்தரவைவிடத் தன் பத்து நிமிட இருட்டுத்தான் பெரிதாகத் தெரியும். பார்வையற்றோர் நீதிபதியாவதை எந்த விதியும் தடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. துணியைக் கட்டிக்கொண்டு பார்த்தால் அந்தத் தீர்ப்பும் விளங்காது.

கண்ணைத் திறந்துகொண்டே கற்க வேண்டியவை நிறைய. பேசுமுன் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கிளம்பும்போது கிளம்புகிறேன் என்று சொல்லுங்கள். உதவி வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர் கையையோ கோலையோ பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேல் அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரையடி முன்னால் நடங்கள். படி வந்தால் ஏறுபடியா இறங்குபடியா என்று சொல்லுங்கள். "அதோ அங்கே" என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. "உங்கள் இடக்கைப் பக்கம், இரண்டடி தள்ளி" என்றால் தெரியும். ஒரு காலைப்பொழுது போதும் இதற்கு.

மாற்றுத்திறனாளிகள் பற்றிய மற்ற தவறான நம்பிக்கைகளைக் களைய இவ்வளவு நேரம் வேண்டியதில்லை. பார்வையற்றோருக்குக் காது கூர்மை என்பார்கள். காது எல்லோருக்கும் உள்ளதுதான், கவனம்தான் பழகியது. காது கேளாதவர் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார் என்பார்கள். கண்ணாடி முன் நின்று 'பாலை', 'மாலை' என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரிகிறதா? அறிவுசார் குறைபாடு உள்ள முப்பது வயதுக்காரரைக் குழந்தை என்று கொஞ்சாதீர்கள். வாங்க, உட்காருங்க என்று அவரிடமே பேசுங்கள், கூட வந்தவரிடம் அல்ல. சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளாதீர்கள்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரியான பயிற்சி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2012இல், மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் மாற்றுத்திறனாளிகள் குறித்த மாநாட்டுக்குச் செல்ல விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆசிரியர், மருத்துவர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், காவல்துறையினர், நீதிபதி எனப் பலரின் படிப்பிலும் பயிற்சியிலும் மாற்றுத்திறனாளிகள் பற்றிய பாடம் இடம்பெற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆவது பிரிவு சொல்கிறது.

அந்தப் பயிற்சியை யார் நடத்துவது? இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. கோலோடு தினமும் பேருந்தேறி வேலைக்கு வருபவர் ஊர்தோறும் இருக்கிறார். அவரை அழைத்தால் "அனுபவம் பகிர" ஐந்து நிமிடம் தருகிறார்கள். பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து, ஆட்டோ காசுகூடத் தராமல் அனுப்புகிறார்கள். கட்டணம் முழுவதும் பார்வையுள்ள பயிற்சியாளருக்குப் போகிறது. அடுத்த பயிற்சிக்கு அந்தப் பார்வையற்றவரையே பயிற்சியாளராக அழையுங்கள். முழு நேரமும் அவருக்கே கொடுங்கள். மற்றவர்களுக்குத் தரும் அதே தொகையைக் காசோலையாக அவர் கையில் கொடுங்கள். அவர் அதை வங்கியில் தானே போட்டுக்கொள்வார்.