தீப்பொறி எப்போது விழ வேண்டும்?



எம்.ஜி.பி. என்று ஒரு கார் இருந்தது. எம்.ஜி.ஆருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! எம்.ஜி. என்றால் மோரிஸ் காரேஜஸ். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்தார்கள். நம்ம ஊர்ல யாரும் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் அதன் 1798 சி.சி. எஞ்சினும் பழைய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் ஒரே குடும்பம். பி சீரிஸ் என்று பெயர்.

இந்த எஞ்சினில் நாலு சிலிண்டர். 1, 3, 4, 2 என்ற வரிசையில் தீப்பொறி போக வேண்டும். யாருக்கு எப்போது என்று பங்கு போட்டுக் கொடுப்பதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். சத்துணவு வரிசையில் தட்டு வருவதற்கு முன்னாலேயே சாதம் போட்டால் கீழேதானே விழும்? இங்கே நேர்மாறு, கொஞ்சம் முன்னாலேயே போட வேண்டும்! ஏனென்றால் பெட்ரோல் ஆவி முழுசா எரிய சில மில்லி விநாடி ஆகும். பிஸ்டன் அதற்காகக் காத்திருக்காது.

கணக்கு பாருங்கள். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் விநாடிக்கு 10 சுற்று. 1 மில்லி விநாடியில் 3.6 டிகிரி திரும்பும். 3000 சுற்றில் அதே நேரத்தில் 18 டிகிரி! அதனால் வேகம் கூடக் கூட தீப்பொறியும் முந்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சின்ன எடைகள் சுற்றும்போது வெளியே விரிந்து அதைத் தானே செய்துவிடும். ஆரம்ப இடத்தை மட்டும் நாம் வைக்க வேண்டும். ரொம்ப முந்தினால் மேட்டில் ஏறும்போது டிக் டிக்னு தட்டும், பிஸ்டனே ஓட்டையாகலாம். பிந்தினால் இழுக்காது, சூடாகும்.

எங்க தாத்தா முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். சத்தத்தைக் கேட்டே டைமிங் வைப்பார். இப்போது காது மந்தம். அதனால் வண்டி கொண்டு வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். "பல்பு வச்சுப் பாக்கறதுக்குக் காது எதுக்குடி பாப்பா?" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

முதலில் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் 0.015 அங்குலம் வைக்க வேண்டும். இதை அப்புறம் செய்தால் டைமிங்கும் மாறிவிடும். பிறகு பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை மெதுவாக முன்னால் தள்ளணும். ரோட்டர் 1-ஆம் சிலிண்டர் ஒயரைப் பார்க்க வேண்டும். புல்லியில் உள்ள வெட்டு 10 டிகிரி குறிக்கு நேரே வரணும் (முதலில் வந்த எம்.ஜி.பி.க்கு இந்த அளவு). தாண்டிவிட்டால் பின்னால் நிறையப் போய்விட்டுத் திரும்ப முன்னால் வரணும். டைமிங் செயின் தொய்வு இருக்குமே, அதற்காக.

இப்போது 12 வோல்ட் பல்பின் ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரின் சின்ன ஒயர் முனையிலும், மற்றதை எஞ்சின் பாடியிலும் வைத்து சாவியைப் போடணும். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு எரியாது. திறந்ததும் எரியும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப வேண்டும். ரோட்டர் இடப்பக்கமாகச் சுற்றும், அதனால் உடம்பை வலப்பக்கம் திருப்பினால் தீப்பொறி முந்தும். பல்பு எரிகிற அந்த நொடியில் நிறுத்தி முறுக்கிவிடணும். முறுக்கும்போது நகர்ந்துவிடும், அதனால் இன்னொரு தடவை பார்க்கத்தான் வேண்டும். தாத்தா மூன்று தடவை பார்ப்பார்.

எஞ்சின் ஓடும்போது ஸ்ட்ரோப் லைட் அடித்தும் பார்க்கலாம். புல்லி நிற்பது போலத் தெரியும். நிற்கவில்லை! பக்கத்திலேயே ஃபேன் சுற்றுகிறது. தாவணி, பின்னல் எல்லாம் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 4500 சுற்றில் 1 மில்லி விநாடிக்கு எத்தனை டிகிரி திரும்பும்? விடை தெரிந்தவர்கள் 9-ஆம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் வந்து சொல்லவும்.