உண்டும் மெலியும் மீன்கள்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழும் நமக்கு ஓடைகளும் ஆறுகளும் புதியவை அல்ல. ஓய்வு நாளில் தூண்டிலிட்டு லாம்பாம், திலாப்பியா, விரால் முதலிய மீன்களைப் பிடிப்போர் நம்மிடையே பலர். மீன்கள் செத்து மிதந்தால்தான் நீர் கெட்டுவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், சாவதற்கு நெடுநாள் முன்பே மீனின் குடலில் கேடு தொடங்கிவிடக்கூடும்.

உண்ட உணவு உடலில் சேரவேண்டுமாயின், அது செரிக்கவேண்டும். அதற்கு உதவுபவை நொதிகள். மாவுப்பொருளை அமிலேசும், புரதத்தைப் புரோட்டியேசும், கொழுப்பை லிப்பேசும் சிறு கூறுகளாக உடைக்கின்றன. லாம்பாம் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்துக்கு இரைப்பையே இல்லை. செரிமானம் முழுவதும் குடலிலேயே நடைபெறுகிறது.

ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் நொதியோடு ஒட்டிக்கொண்டு அதன் வடிவை மாற்றிவிடும். பூட்டின் துளையில் மெழுகை அடைத்தால் சாவி நுழையாதன்றோ? அவ்வாறே நொதியும் தன் வேலையைச் செய்ய இயலாமற் போகிறது. 1978-ஆம் ஆண்டில் சாஸ்திரி, குப்தா என்னும் இந்திய ஆய்வாளர் இருவர், விரால் இன மீனொன்றை ஈய உப்புக் கலந்த நீரில் வைத்து ஆராய்ந்தனர்; அதன் செரிமான நொதிகளின் ஆற்றல் மாறுவதைக் கண்டனர். பூச்சிக்கொல்லிகளும் இத்தகைய தீங்கு செய்வதுண்டு. செரிமானம் குன்றிய மீன் இரை தின்றும் மெலியும்.

நம் தோட்டங்களில் களைக்கொல்லியும் உரமும் பயன்படுகின்றன. ரப்பர் ஆலைக் கழிவில் அம்மோனியாவும் அமிலமும் கலந்திருக்கும். ஆகவேதான், 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1978-இல் ரப்பர் ஆலைகளின் கழிவுநீருக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. பாராகுவாட் களைக்கொல்லி 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும், சட்டம் ஒவ்வோர் அல்லூரின் கரையிலும் காவல் நிற்க இயலாது. அப்பொறுப்பு நம்முடையது.

மருந்தடிக்கும் பம்பை ஓடையில் கழுவுதல் கூடாது. காலிப் புட்டியை மும்முறை அலசி, அந்நீரைப் பம்பிலேயே ஊற்றிக் களைகளுக்கு அடித்துவிடலாம். அலசிய புட்டியைத் துளையிட்டுத் தோட்ட நிருவாகத்திடம் ஒப்படைக்கவேண்டும். அதில் குடிநீரோ எண்ணெயோ ஊற்றிவைத்தல் ஆகாது. மழை வரும் அறிகுறி இருப்பின் மருந்தடிப்பைத் தள்ளிவைத்தல் நன்று. நீரின் நிறமோ மணமோ மாறினால், அங்கு மீன் பிடிக்காது உடனே தெரிவித்தல் வேண்டும்.

நம் ஓடைகள் பல லிங்கி ஆற்றில் கலக்கின்றன. அவ்வாற்று நீரே சுத்திகரிக்கப்பட்டுப் பல குடும்பங்களுக்குக் குடிநீராகிறது. மீனின் குடலைக் காப்பது நம் பிள்ளைகளின் குவளையைக் காப்பதேயாகும்.