கர்ப்ப காலத்தில் மார்பகப் புற்றுநோய்: போடி, ஏலமலைப் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கர்ப்பமும் மார்பகப் புற்றுநோயும் சேர்ந்து வருவது அரிது. ஏறக்குறைய 3,000 கர்ப்பத்துக்கு ஒன்று. வந்துவிட்டால், தாயா குழந்தையா என்று வீடே இரண்டுபட்டுப் பேசத் தொடங்கும். பெரும்பாலும் அந்தக் கேள்விக்கே அவசியமில்லை. எந்த வாரத்தில் எதைச் செய்வது என்ற வரிசை தெரிந்தால் இரண்டு உயிரையும் சேர்த்தே கொண்டுபோக முடியும். வாருங்கள், அந்த வரிசையில் சேர்ந்தே போவோம்.

எந்தக் கட்டியைக் காட்ட வேண்டும்?

கர்ப்பத்தில் மார்பு பெருக்கும், கனக்கும். அதனால் கட்டி தட்டுப்பட்டாலும் "பால் கட்டியிருக்கும், தானாகக் கரைஞ்சிடும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இரண்டு வாரம் தாண்டியும் கரையாத கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, புதிதாக உள்ளிழுத்த காம்பு, அக்குளில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் காட்டிவிடுவோம். வலி இல்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.

விடியற்காலையில் தோட்ட ஜீப் ஏறுகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி பெரிது என்பது தெரிந்ததே. ஆனாலும் கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் இதையும் சொல்லிவிடலாம். தனியாக ஒரு நாள் போகாது.

எங்கே போவது?

முதலில் போடி அரசு மருத்துவமனை, அடுத்து க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி. புற்று என்று உறுதியானால் மதுரை: ராஜாஜி அரசு மருத்துவமனையும், அதைச் சேர்ந்த பாலரெங்காபுரம் புற்றுநோய் மையமும். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கமே குடியிருந்து கேரள ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியை முதலில் விசாரிக்கலாம்.

மார்பு அல்ட்ராசவுண்ட், வயிற்றை மறைத்து எடுக்கும் மேமோகிராம், ஊசியால் சதை எடுக்கும் கோர் பயாப்ஸி ஆகிய மூன்றையும் கர்ப்பத்தில் பாதுகாப்பாகச் செய்யலாம். சோதனைச் சீட்டில் எத்தனை வாரக் கர்ப்பம் என்பதை எழுதச் சொல்வோம். கர்ப்பத்தில் மார்பின் செல்களே மாறியிருக்கும். அது தெரியாமல் பார்க்கிறவருக்குக் குழப்பம் வரும்.

எந்த வாரத்தில் எது?

அறுவை சிகிச்சையை எந்த மாதத்திலும் செய்யலாம். கீமோ முதல் மூன்று மாதத்தில் கூடாது. குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் அது. ஏறக்குறைய 14 வாரம் கடந்தபின் தொடங்கலாம். டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரண்டும் அப்போது பெரும்பாலும் தரப்படும் மருந்துகள். கதிர்வீச்சு, டமாக்ஸிபென் மாத்திரை, டிராஸ்டுசுமாப் ஊசி ஆகியவை பிரசவத்துக்குப் பிறகுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20-ஆம் வாரத்தில் நோய் தெரிகிறது. 21-இல் அறுவை. புண் ஆற நாலு வாரம். பிறகு 25, 28, 31, 34 என்று மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாலு கீமோ. 37-இல் பிரசவம். கடைசிக் கீமோவுக்கும் பிரசவத்துக்கும் மூன்று வார இடைவெளி கட்டாயம். இல்லையென்றால் இருவருக்குமே ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் பிரசவமாகும். 33-ஆம் வாரத்தில் தெரிந்தால் கதை வேறு. பிரசவத்தை முதலில் முடிப்பதா என்று புற்றுநோய் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் கலந்து பேசித்தான் முடிவெடுப்பார்கள். இருவரையும் ஒரே நாளில் பார்க்க முடிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

குழந்தைக்கு என்ன ஆகும்? பெல்ஜியத்தின் ஃப்ரெடெரிக் அமான்ட் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தாய்க்குப் புற்றுநோய் இருந்தபோது வயிற்றில் வளர்ந்த 129 குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலோரின் தாய்மார்கள் கர்ப்பத்திலேயே கீமோ எடுத்தவர்கள். இதயத்திலோ அறிவு வளர்ச்சியிலோ அதனால் குறை தென்படவில்லை. குறைமாதப் பிறப்புதான் அறிவு வளர்ச்சியைப் பாதித்தது. அவசரப்பட்டுப் பிரசவத்தை முன்னால் இழுக்க வேண்டாம் என்பது அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்.

எவ்வளவு செலவாகும்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போவோம். அறுவைக்குத் தேதி குறித்த பிறகு கார்டுக்கு அலைவதைவிட, பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களில் இதை முடிப்பது புத்திசாலித்தனம். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான பேறுகால உதவித் திட்டத்திலும் பதிவை விட்டுவிடக் கூடாது.

கையிலிருந்து போவது பயணம், சாப்பாடு, துணைக்கு வருபவரின் கூலி. இதற்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும். போடி–மதுரை பாசஞ்சர் ரயில் மலிவு, ஆட்டமும் குறைவு. ஆனால் போடியிலிருந்து மாலையில்தான் கிளம்புகிறது. காலை ஓ.பி.க்கு பஸ்தான். கீமோ முடிந்து ஒரு இரவு தங்கினால் மறுநாள் காலை மதுரையிலிருந்து அதே ரயிலில் வரலாம்.

உஷார்

கருவைக் கலைத்துவிட்டால் நோய் சீக்கிரம் குணமாகும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆரம்ப வாரங்களில் கீமோவைத் தள்ளிப்போட முடியாத அளவுக்கு நோய் வேகமாக இருந்தால் மருத்துவர் அதைப் பற்றிப் பேசலாம். முடிவு அந்தப் பெண்ணுடையது. "பிள்ளை பிறக்கட்டும், பார்த்துக்கலாம்" என்பதும் அதே அளவு ஆபத்து.

கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழைப்போம். பூச்சிமருந்து அடிக்கும் நாளில் ஏலத்தோட்டத்துக்குள் போகவே வேண்டாம். மேலே குடியிருப்பவர்கள் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஆள் நெருக்கும் ஜீப்பில் கடக்க நேர்ந்தால் முன் சீட்டை அடம்பிடித்தாவது வாங்கிவிட வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு

கீமோ தொடர்கிறவரை தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. மருந்து பாலில் இறங்கும். கதிர்வீச்சு தேவைப்பட்டால் வாரத்துக்கு ஐந்து நாள், சில வாரங்கள் தொடர்ந்து போக வேண்டும். போடியிலிருந்து தினமும் மதுரை போய்வருவது பச்சை உடம்புக்குத் தாங்காது. வார்டில் தங்க முடியுமா என்று முதல் நாளே கேட்டுவிட்டு, குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்பதை அம்மாவிடமோ மாமியாரிடமோ இப்போதே பேசி வைப்போம்.