தொட்டியில் மலரும் குழியுடலி: கற்பிப்போர் அறிய வேண்டியவை

குழியுடலிகள் பாடத்தில் ஹைட்ரா, ஜெல்லி மீன், கடல் சாமந்தி ஆகியவற்றின் படங்களைக் காட்டிவிட்டு அடுத்த தொகுதிக்கு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். கடந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இப்பாடம் நடத்தியபோது ஒரு மாணவர் எழுந்து, "எங்க வீட்டுத் தொட்டியிலேயே இது இருக்கு மிஸ்" என்றார். கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு உப்புநீர்த் தொட்டி புதிதல்ல. அவர் சொன்னது ஸோவாந்திட். கடைகளில் 'பட்டன் பாலிப்' என்பார்கள். "பாறை முழுக்க பரவிடுச்சு. ஞாயித்துக்கிழமை அப்பா கொதிக்க வச்சு எடுக்கப் போறாரு. ஒரு துண்டு கண்காட்சிக்குக் கொண்டு வரட்டுமா?"

அன்று மாலையே அவருடைய அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, பாறையைக் கொதிக்க வைக்க வேண்டாம் என்றேன்.

முதலில் உயிரியைப் பார்ப்போம். வளர்ப்போர் இதை மென்பவளம் என்றே சொல்வர். உண்மையான மென்பவளத்தின் பாலிப்புக்கு எட்டு உணர்நீட்சிகள் உண்டு. ஸோவாந்திட் கடல் சாமந்திக்கு நெருங்கிய உறவு; வாயைச் சுற்றி இரண்டு வரிசை உணர்நீட்சிகள். சுண்ணாம்புக் கூடு இல்லை. திசுவுக்குள் வாழும் ஸூசாந்தெல்லே பாசி ஒளிச்சேர்க்கையால் உணவு தருவதால், தொட்டிக்கு நல்ல விளக்கு தேவை. நீரின் வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ். சென்னைக் கோடையில் இதற்குக் குளிர்விக்கும் கருவி வேண்டும். மலிவான பொழுதுபோக்கு என்று யாரும் இறங்கிவிட வேண்டாம்.

உப்பளவு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். இங்கே வகுப்பில் கேட்க ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: தொட்டி நீர் ஆவியாகிக் குறைந்தால் உப்புநீர் ஊற்றுவதா, நன்னீர் ஊற்றுவதா? என் வகுப்பில் பெரும்பாலோர் உப்புநீர் என்றே சொன்னார்கள். ஒரு தட்டில் உப்புநீரை வெயிலில் வைத்துக் காட்டியதும் விடை தானே வந்தது: நீர் போகிறது, உப்பு தங்குகிறது, எனவே நன்னீர்தான். புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். நைட்ரஜன் சுழற்சிக்கு இதைவிடக் கண்கூடான எடுத்துக்காட்டு கிடையாது.

இனி ஆபத்து. சில ஸோவாந்திட்களில், குறிப்பாகப் பாலிதோவா பேரினத்தில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உள்ளது. ஹவாயின் மாவி தீவில் எடுத்த உயிரியிலிருந்து மூர், ஷாயர் ஆகியோர் இதைப் பிரித்தெடுத்து 1971இல் வெளியிட்டனர். நம் செல்களில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பு 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கும் அல்லவா? பாலிடாக்சின் அந்தப் பம்பில் ஒட்டி, அதைத் திறந்தே கிடக்கும் வழியாக்கிவிடுகிறது. அயனிகள் தம் போக்கில் பாய, செல் செயலிழக்கிறது. மேல்நிலை வகுப்பில் நரம்புத் தூண்டல் நடத்துவோர் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கொதிக்க வைத்தால் இந்த நஞ்சு எளிதில் அழிவதில்லை. நீராவியோடு எழும் நுண்துளிகளில் ஏறி மூச்சுக்குள் போகிறது. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வீட்டுத் தொட்டியிலிருந்து பவளத்தை அகற்றியபோது, குடும்பத்தினரும் உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களுமாக 10 பேர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. எந்தப் பாலிப்பில் நஞ்சு உண்டு என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் நஞ்சுள்ளதாகவே கருத வேண்டும்.

எனவே அந்த அப்பாவிடம் சொன்னவை: நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள், கையில் காயமிருந்தால் தொடவே வேண்டாம். வெந்நீர், தேய்க்கும் பிரஷ், பீய்ச்சும் குழாய் மூன்றும் கூடாது. தண்ணீர் மாற்றும்போது டியூபை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள் (நம் ஊரில் இதுதான் முதல் பழக்கம்). வேண்டாத பாறையைத் திறந்த வெளியில், ஒரு பங்கு திரவ பிளீச்சும் ஒன்பது பங்கு நீரும் கலந்த வாளியில் மூழ்கவைத்து, பிள்ளைகள் அணுகாமல் பாருங்கள். அதில் வினிகரோ அமிலமோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். பாறையைக் கையாண்டபின் வாயில் கசப்பு, காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல், மூச்சுத்திணறல், தசைவலி வந்தால், சில மணி நேரம் கழித்து வந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பவளத்தைத் தொட்டதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து இல்லை. கண்ணில் பட்டால் ஓடும் நீரில் கழுவியபடியே அழைத்துச் செல்ல வேண்டும்.

பள்ளிக்குள் ஸோவாந்திட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாற்பது பிள்ளைகள் கைநீட்டும் மேசையில் கையுறை ஒழுக்கம் நிற்காது. அந்த மாணவர் தொட்டியைப் படமெடுத்துக் கண்காட்சியில் விளக்கினார், கூட்டம் குறையவில்லை. கடலோரப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னொன்று: மன்னார் வளைகுடாவின் கடினப் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. காய்ந்த துண்டாயினும் மாணவரைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

உயிருள்ள குழியுடலியே வேண்டுமென்றால் ஹைட்ரா இருக்கிறது. தெளிந்த குளத்து நீர்ச்செடிகளை ஒரு கண்ணாடி ஜாடியில் இட்டு, நிழலில் ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். இலையடியிலோ கண்ணாடிச் சுவரிலோ சில மில்லிமீட்டர் நீள நூல்போல ஒட்டியிருக்கும். கைலென்சே போதும். குச்சியால் மெல்லத் தொட்டால் புள்ளியாகச் சுருங்கும்; சற்றுப் பொறுத்தால் மீண்டும் உணர்நீட்சிகளை விரிக்கும்.