ஓவர்கிளாக் செய்யும் முன் கூலரைப் பாருங்கள்

பிராசஸர் பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கை மட்டும் நம்பிக் கூலர் வாங்காதீர்கள். இன்டெல் ஐ9-13900கே பிராசஸரின் அடிப்படை அளவு 125 வாட். முழு வேகத்தில் அதுவே 253 வாட். ஓவர்கிளாக் செய்தால் அதையும் தாண்டும்.

கடைக்குப் போகுமுன் கேபினட்டின் விவரக் குறிப்பில் எவ்வளவு உயரக் கூலர் அடங்கும் என்று பாருங்கள். நாக்டுவா என்எச்-டி15 போன்ற இரட்டைக் கோபுரக் கூலர் 165 மி.மீ. உயரம், பல கேபினட்களில் பக்கக் கதவு மூடாது. பளபளக்கும் உயரமான ரேம் போட்டிருந்தால் முன் விசிறி அதில் இடிக்கும். மதர்போர்டின் சாக்கெட்டுக்குரிய பிராக்கெட் பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

லிக்விட் கூலரா? ஐ9 போன்ற சூடாகும் பிராசஸருக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் நல்லது. மற்றபடி என் ஓட்டு காற்றுக் கூலருக்கே. விசிறி போனால் விசிறியை மட்டும் மாற்றலாம். லிக்விட்டில் பம்ப் நின்றால் பெரும்பாலும் மொத்தமும் போச்சு.

மாட்டும்போது கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், மறப்பவர்கள் நிறைய.

எந்தக் காற்றுக் கூலரும் சூட்டை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. மார்கழியில் நிலையாக ஓடிய வேகம் சித்திரையில் தடுமாறலாம். எனவே ஓவர்கிளாக் நிலையாக ஓடுகிறதா என்ற சோதனையை மதிய நேரத்தில், ஏசியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.