பத்துக்குப் பத்து அறைக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும்?

மாணவர் அறைக்கு ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அறையைப் பார்க்க வேண்டும். சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ வாடகைக்குக் கிடைக்கும் ஒற்றை அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து அடி. மேல்தளமும் பத்தடி உயரத்தில்தான் இருக்கும். கீழே டைல்ஸ், சுற்றிலும் சிமென்ட் பூசிய சுவர், ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு இரும்பு பீரோ, மேலே ஓயாமல் சுற்றும் ஃபேன். எந்த ஸ்பீக்கர், அதை ஓட்ட எந்த ரிசீவர் என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்ணே?" என்றுதான். "தம்பி, இது நாலாயிரம் வாட்ஸ், ஏரியாவே அதிரும்" என்று பதில் வரும். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சென்சிடிவிட்டி என்று ஒரு எண் உண்டு. அது 87 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளக்கும்போது அவ்வளவு சத்தம் வரும் என்று பொருள். இப்படி இரண்டு ஸ்பீக்கரை வைத்துவிட்டு நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்தால், காதுக்கு ஏறத்தாழ 85 டெசிபல் வந்து சேரும். தொழிலாளர்களின் காது கெடாமலிருக்க, நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று அமெரிக்காவின் நையோஷ் அமைப்பு வகுத்திருக்கும் வரம்பும் அதே 85தான். இத்தனைக்கும் செலவாவது ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட்.

தவில் அடியும் டிரம்ஸும் திடீரென்று எழும் இடங்களுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு டெசிபல் இருப்பு வேண்டும். பத்து டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும். ஆக, பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து வாட்ஸ் போதும். தாராளமாக வைத்தால் இருபது, முப்பது. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் அறையில் பயன்படப் போவதில்லை. இந்த முப்பதும் ஆர்எம்எஸ் வாட்ஸாக, அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்ஸாக இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போடும் பிஎம்பிஓ எண்ணுக்கு எந்த அளவுகோலும் கிடையாது, அதைப் படிக்கவே வேண்டாம். பெட்டியைத் திருப்பி, கரண்ட் எவ்வளவு எடுக்கிறது என்று பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 60 வாட்ஸ் எடுக்கும் கருவி தொடர்ந்து 60 வாட்ஸுக்கு மேல் வெளியே கொடுக்க வழியே இல்லை.

வாட்ஸ் கவலை தீர்ந்துவிட்டால் பணம் எங்கே போக வேண்டும் என்பது தெளிவாகிவிடும். பெரும்பங்கு ஸ்பீக்கருக்கு. கையில் பதினைந்தாயிரம் ரூபாய் இருந்தால் பத்து, பதினோராயிரத்தை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். இன்றைக்கு ஓரளவு நல்ல ஆம்ப்கள் (ஆம்ப்ளிஃபையர்கள்) இரண்டுக்கு நடுவே காதில் விழும் வித்தியாசம் சிறியது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே அது மிகப் பெரியது, யார் கேட்டாலும் தெரியும்.

இதை வைத்துக்கொண்டு சந்தையில் கிடைக்கும் வகைகளைப் பார்க்கலாம்.

அதிகம் விற்பது 5.1 ஹோம் தியேட்டர் செட். ஒரு சப்வூஃபர் பெட்டி, உள்ளங்கை அகலத்தில் ஐந்து சின்ன பாக்ஸ், ரிமோட், மினுக்கும் விளக்கு. என் கருத்தில் மாணவர் அறைக்கு இதைவிடப் பொருந்தாத பொருள் இல்லை. ஒரே தொகை ஆறு ஸ்பீக்கருக்கும் ஆறு சேனலுக்கும் பங்கு போடப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சொற்பம். நீங்கள் கேட்கும் பாட்டு இரண்டு சேனலில்தான் பதிவாகியிருக்கிறது. சின்ன பாக்ஸ்களால் ஆண் குரலின் அடிப்பகுதியைக் கொடுக்க முடியாது, சப்வூஃபரால் அவ்வளவு மேலே ஏற முடியாது. நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. பாடகரின் நெஞ்சுக்குரல் விழுவது அந்தப் பள்ளத்தில்தான்.

ரிச்சி தெருவின் அசெம்பிள் ஆம்ப் வேறு கதை. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய அந்தத் தெருவிலும் மற்ற ஊர்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் டிடிஏ 7294, எல்ஏ 4440 போன்ற ஐசி-களை வைத்துக் கட்டிய போர்டுகள் பல காலமாகக் கிடைக்கின்றன. இவை மட்டமான ஐசி-கள் இல்லை. நல்ல டிரான்ஸ்ஃபார்மர், போதுமான ஹீட் சிங்க், ஒழுங்கான எர்த் வயரிங் மூன்றும் அமைந்தால் 7294 போர்டு மாணவர் அறைக்குத் தாராளம். அந்த மூன்றும் கட்டுகிறவரின் கையைப் பொறுத்தவை. உங்கள் ஊரில் நம்பிக்கையான மெக்கானிக் இருந்து, அவர் கட்டிய ஆம்ப் ஒன்றை நீங்கள் கேட்டும் இருந்தால் இரண்டு சேனல் மட்டும் கட்டித் தரச் சொல்லுங்கள். கெட்டுப்போனால் அன்றைக்கே சரிசெய்து தர ஆள் இருப்பது பெரிய வசதி. முன்பின் தெரியாத கடையில் ரெடியாக அடுக்கியிருக்கும் அசெம்பிள் செட்டை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இடது, வலது என்ற பிரிவே உருப்படியாகக் கிடைக்காது. ஊருக்கும் மாடிக்கும் தூக்கிக்கொண்டு போகத்தான் அது. சவுண்ட்பார் டிவி உள்ள வீட்டுக்கு.

உண்மையான போட்டி இனிமேல்தான். ஆம்ப் உள்ளேயே அடங்கிய பவர்டு ஸ்பீக்கர் ஜோடி ஒரு பக்கம். தனி ஸ்பீக்கரும் தனி ரிசீவரும் மறுபக்கம்.

பவர்டு ஜோடிக்கு எடிஃபயர் ஆர்1280டிபி நல்ல உதாரணம். 4 அங்குல ஊஃபர், பட்டு டோம் ட்வீட்டர், இரண்டுக்கும் சேர்த்து 42 வாட்ஸ் ஆர்எம்எஸ். ப்ளூடூத், ஆப்டிகல், ஆக்ஸ் எல்லாம் ஒரு பெட்டியின் முதுகிலேயே இருக்கின்றன. காற்றுத் துளை முன்பக்கம் இருப்பதால் சுவருக்குப் பக்கத்தில் வைத்தாலும் பேஸ் அளவுக்கு மீறி ஊதாது. மரத்தூள் பலகையில் செய்த பெட்டி என்பதால் பிளாஸ்டிக் பெட்டியின் நடுக்கம் இல்லை. ஒரே பிளக், ஒரே வயர், மேசையின் இரு ஓரம். ஆம்பும் ஸ்பீக்கரும் பொருந்துமா, ஓம்ஸ் சரியா என்ற கேள்விகளே எழாது. அறையை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவருக்கும், ஹாஸ்டலில் இருப்பவருக்கும், முதல்முறை வாங்குகிறவருக்கும் இதுதான் சரி என்று தயங்காமல் சொல்வேன். குறை ஒன்று உண்டு. ஆம்ப் போர்டு செத்தால் ஸ்பீக்கரும் சேர்ந்து ஊமையாகும். பிறகு மேம்படுத்த நினைத்தால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும்.

அந்தக் குறைக்கு மருந்துதான் தனித்தனியாக வாங்குவது. 5 அங்குல ஊஃபர் கொண்ட நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இருபது வருஷம் உழைக்கும். அதற்குப் பின்னால் ஆம்ப் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். ஸ்பீக்கரின் விளிம்பு ரப்பரா, ஃபோமா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். நம் கடலோர ஈரத்தில் ஃபோம் சில வருஷங்களிலேயே உதிரத் தொடங்கும், ரப்பர் தாங்கும்.

இதை ஓட்டப் புதிய ஸ்டீரியோ ரிசீவர் வாங்கலாம். யமஹா ஆர்-எஸ்202 போன்றது நேர்மையான கருவி: பக்கத்துக்கு 100 வாட்ஸ், எஃப்எம், ப்ளூடூத். ஆனால் நமக்குத் தேவை முப்பதுதான். அதைவிடச் சிக்கனமான வழி உள்ளங்கை அளவு கிளாஸ் டி ஆம்ப். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் டிபிஏ 3116 சிப் உள்ள ஆம்ப்கள் பல பெயர்களில் வருகின்றன. மேலே "50+50" என்றோ "100+100" என்றோ அச்சிட்டிருக்கும். 4 ஓம் ஸ்பீக்கரில், 10 சதவீதச் சிதைவோடு அளந்தால்தான் அந்த 50 வரும். 24 வோல்ட் அடாப்டரில் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கிடைப்பது 25, 30 வாட்ஸ். நமக்கு வேண்டிய கணக்கும் அதுவே. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைப் போட்டால் 20 வாட்ஸ் அளவில் நிற்கும், அதுவும் போதும். அடாப்டர் மட்டும் போதிய ஆம்பியர் உள்ளதாக, நல்ல தரத்தில் இருக்கட்டும். இந்தச் சின்ன ஆம்ப்களின் கோளாறில் பெரும்பகுதி மட்டமான அடாப்டரிலிருந்து வருவது.

படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கையாளும் ஏவி ரிசீவர் எப்போது? அறையில் டிவியோ புரொஜெக்டரோ இருந்து, பிற்பாடு ஐந்து ஸ்பீக்கர் வரை போகும் திட்டம் உறுதியாக இருந்தால் மட்டும். புதிதாக வாங்கினால் ஹெச்டிஎம்ஐ போர்டுக்கும் நீங்கள் தொடாத மூன்று சேனலுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். செகண்ட் ஹேண்டில் நிலைமை தலைகீழ். புது டிவிகளோடு ஒத்துப்போகாத பழைய ஏவி ரிசீவர்களை மிகக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். படத்துக்கான பகுதி பழசானாலும் உள்ளே இருக்கும் ஆம்ப் அப்படியே இருக்கிறது. ஆப்டிகல் இன்புட் இருக்கும், முன்பக்க இரண்டு சேனலை மட்டும் ஓட்டிக்கொள்ளலாம். அலமாரியில் பத்துக் கிலோவுக்கு இடமும் காற்றோட்டமும் உள்ளவருக்கு இது அருமையான பேரம்.

செகண்ட் ஹேண்ட் ரிசீவரைக் காசு கொடுக்கும் முன் அரைமணி நேரமாவது ஓட விடுங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் தூசி, துடைத்தால் போகும். ஒரு பக்கம் அடிக்கடி அறுந்து அறுந்து வந்தால் ரிலே தேய்ந்திருக்கிறது, மாற்றலாம். பாட்டே இல்லாதபோதும் ஒரு பக்கத்தில் ம்ம் என்ற இரைச்சல் பலமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பின்புறத்தில் வோல்டேஜ் எழுத்தைக் கட்டாயம் படியுங்கள். ஜப்பான் உள்ளூர் மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 120. அதை நம் 230-இல் செருகினால் அன்றோடு முடிந்தது. வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த பழைய செட் வீட்டில் கிடந்தாலும் இதே எச்சரிக்கைதான். ஓம்ஸையும் ஒத்துப் பாருங்கள். குறைந்தது 6 ஓம் என்று எழுதியிருக்கும் ரிசீவரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டிப் பலமாக ஓட்டினால் சூடேறி நின்றுவிடும்.

கேட்டுப் பார்த்து வாங்குவதற்கு ஈடு எதுவும் இல்லை. கடைக்காரர் போடும் டெமோ பாட்டு வேண்டாம், உங்கள் ஃபோனிலிருந்து போடச் சொல்லுங்கள். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அவருடைய பாட்டுகளில் பேஸ் கிடார் மெட்டோடு ஒட்டாமல் தனியாக ஒரு நடை போகும். நல்ல ஸ்பீக்கரில் அந்த நடையை ஸ்வரம் ஸ்வரமாகப் பின்தொடரலாம். மட்டமான சப்வூஃபரில் எல்லாம் ஒரே "டும்" ஆகிவிடும். அடுத்து ஒரு கர்நாடகக் கச்சேரி. மிருதங்கத்தின் தொப்பி வேறு, வலந்தலை வேறு என்று தெரிகிறதா? வயலின் காதைக் கிழிக்கிறதா? பாடகர் இரண்டு பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்து பாடுவதுபோல் தோன்றுகிறதா? இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். சற்றே கூடுதலாக ஒலிப்பது எப்போதும் உசத்தியாகத் தோன்றும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இனி அந்த அறை. பத்தடி என்பது 3.05 மீட்டர். அந்த இடைவெளியில் ஒலி எதிரொலித்து வீங்கும் முதல் அலைவெண் 56, 57 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியானால் மூன்று வீக்கமும் ஒரே எண்ணில் வந்து குவியும். அறைகளில் கனசதுரம்போல் மோசமானது இல்லை, நமக்கு வாய்ப்பதோ அதுதான். மூலையில் இந்த வீக்கம் உச்சம், அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்டப் பூஜ்யம். அதனால் ஸ்பீக்கரை மூலையில் திணிக்காதீர்கள், நடு அறையில் உட்கார்ந்து கேட்காதீர்கள். சப்வூஃபர் வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கும் காரணம் இதுதான். 5 அங்குல ஊஃபர் சுமார் 60 ஹெர்ட்ஸில் ஓய்ந்துவிடும். அதற்குக் கீழே சப்வூஃபர் கொடுப்பதை இந்த அறை அடித்துக் குழப்பும், கீழ்வீட்டு ஓனர் மாடியேறி வருவார்.

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும், ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரட்டும். மேசையில் வைத்தால் அடியில் இரண்டு தடிப் புத்தகம் போதும். சோனி எஸ்எஸ்-சிஎஸ்5 போலக் காற்றுத் துளை பின்பக்கம் உள்ளவற்றுக்குச் சுவரிலிருந்து ஒரு முழமாவது இடைவெளி வேண்டும், அந்த இடம் இல்லாவிட்டால் முன்துளை உள்ளதை வாங்குங்கள். டைல்ஸ் தரையில் ஒரு ஜமக்காளம், எதிர்ச்சுவரில் கனத்த திரையோ புத்தக அடுக்கோ இருந்தால் சுளீரென்ற எதிரொலி அடங்கும். பீரோக் கதவு கிணுகிணுக்கிறதா என்று பார்த்து நடுவே மடித்த காகிதம் செருகுங்கள். ஆம்பின் சிக்னல்-இரைச்சல் விகிதம் 95 டெசிபலா 105 டெசிபலா என்று அலச வேண்டியதே இல்லை, ஃபேன் ஓடும் அறையில் அந்த வித்தியாசம் கேட்காது.

ஸ்பீக்கர் வயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் நாலு மீட்டர் வாங்கினால் இழப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மட்டும் மாறினால் பேஸ் காணாமல் போகும், பாடகரும் நடுவிலிருந்து கலைந்துபோவார். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் ம்ம் என்று கேட்டு, சார்ஜரைப் பிடுங்கினால் நின்றால், கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, எர்த் வழியில் இருக்கிறது. ஆப்டிகலோ ப்ளூடூத்தோ இருந்தால் அதற்கு மாறுங்கள். படம் பார்க்கையில் ப்ளூடூத்தில் உதடும் பேச்சும் விலகினால் ஆக்ஸ் வயரோடு ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வாங்கிப் போடலாம்.

மூன்று பேர் தங்கும் ஹாஸ்டல் அறை என்றால் இரவு பத்து மணிக்கு மேல் இவை எதுவுமே உதவாது. மொத்தப் பணத்தில் இரண்டாயிரம் ஒதுக்கி வயர் உள்ள நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை முதலில் வாங்குங்கள், மீதியில் பவர்டு ஜோடி. வாங்கி வந்த அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் கட்டிலுக்கடியில் தள்ளி வையுங்கள். மே மாதம் அறையைக் காலி செய்து பஸ்ஸில் ஏற்றும்போதும், வாரன்டியில் திருப்பி அனுப்பும்போதும் அவை வேண்டியிருக்கும்.