இதல்கஸ்ஹின்னவில் இறங்கி நட

அன்புள்ள மகளுக்கு,

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு தோழிகளோடு மலைப்பக்கம் நடக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேன் பிடிக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம், கோச்சியிலேயே போங்கள். வேனில் போனால் அது நிற்கும் இடத்துக்கே திரும்பி வர வேண்டும். கோச்சியில் போனால் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, மலையோடு மலையாக நடந்து, அடுத்த ஸ்டேஷனில் ஏறிக்கொள்ளலாம். பதுளைப் பாதையைப் போல இதற்குத் தோதானது நம் நாட்டில் வேறில்லை.

முதல் நடைக்கு இதல்கஸ்ஹின்னவில் இறங்கி அப்புத்தளைக்கு நடங்கள். இறங்கியதும் பெயர்ப்பலகையை நின்று படி. ஊர்ப்பெயரோடு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், இருபக்கத்து ஸ்டேஷன்களும் எவ்வளவு தூரம் என்று அதில் எழுதியிருக்கும். இதல்கஸ்ஹின்ன சுமார் 1,615 மீற்றர், அப்புத்தளை 1,430 அளவில். இடையிடையே ஏற்றம் இருந்தாலும் மொத்தத்தில் இறங்கித்தான் போவீர்கள்.

புறப்படுமுன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் திரும்பும் கோச்சியைப் பற்றிக் கேள். 1894இல் பண்டாரவளை வரை வந்த பாதை இது; இன்றும் ஒற்றைத் தண்டவாளம்தான். ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனோடு பேசி, வளையத்தில் கோத்த டேப்லட் என்னும் அனுமதி வில்லையை டிரைவர் கையில் கொடுத்தால்தான் வண்டி நகரும். ஆகவே எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். நேர அட்டவணையை விட அவர் சொல்லை நம்பு.

அங்கே தண்டவாளம் மலை முதுகிலேயே ஓடுகிறது. ஒருபுறம் வெலிமடைப் பக்கம், மறுபுறம் தெற்குச் சமவெளி, இரண்டும் காலடியில் சரியும். ஓரமாக நட. மூடுபனியில் வண்டி கிட்ட வரும்வரை தெரியாது. சுரங்கத்துக்குள் கால் வைக்கவே வைக்காதே. பிறகு தங்கமலைக் காட்டுக்குள் வழி பிரியும். அட்டைக்குச் சவர்க்காரத்தை நனைத்துக் கணுக்காலில் பூசிக்கொள்ளுங்கள். காடு முடியும் இடத்தில் அடிஷம், 1931இல் ஒரு வெள்ளைக்காரர் கட்டிய கல்வீடு. இப்போது துறவிகளின் மடம். எல்லா நாளும் உள்ளே விடமாட்டார்கள்.

வழி தெரியாவிட்டால் கொழுந்து எடுக்கும் அக்காமாரைக் கேள். அவர்கள் அறியாத குறுக்குப்பாதை கிடையாது. கேட்காமல் போட்டோ எடுக்காதே. மலையேறிக் கோச்சி வந்ததே தோட்டங்களுக்காகத்தான். அந்தத் தோட்டங்களை உண்டாக்கிய நம் சனங்கள் இன்றும் லயத்துக் காம்பிராக்களில் இருக்கிறார்கள். அழகைப் பார்க்கப் போகிறவள் அதையும் பார்த்து வா.

மழையைப் பற்றி ஒன்று. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் நடுவே பாதை உச்சியைத் தொடுகிறது, சுமார் 1,898 மீற்றர். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அதற்கு இந்தப்பக்கம், நானுஓயாப் பக்கம், மழை கொட்டும். உச்சியைத் தாண்டினால் ஊவாவில் வெயில் அடிக்கும். நானுஓயாவில் மழையைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதீர்கள். ஒக்டோபருக்குப் பிறகு நிலைமை மாறும், மண்சரிவும் வரும். அப்போது பாதை திறந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் கிளம்பக் கூடாது.

ஹோர்ட்டன் சமவெளி அடுத்த முறைக்கு இருக்கட்டும். ஒஹியவிலிருந்து பத்துப் பதினொரு கிலோமீற்றர் ஏற்றம். காலை முற்றினால் அங்குள்ள உலக முடிவு என்னும் மலை விளிம்பைப் பனி மூடிவிடும். அதனால் முதல்நாளே ஒஹியவில் தங்கி, விடியுமுன் நடக்கத் தொடங்க வேண்டும். தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
சித்தப்பா